ஆறாவது போர்ட்டில் ஒரு கேபிள்

தெங் பெரியப்பா என்னைக் கூப்பிட்டபோது அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தன. இரண்டுமே பாட்டுக் கேட்பவர்களுக்கென்று தனியாகச் செய்யப்பட்டவை என்று சொல்லி விற்கப்படும் ரகம்.

"ரெண்டுல எதை வைக்கிறது, எங்க வைக்கிறதுன்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போ. மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றார் போனில்.

"பெரியப்பா, வலது கை மட்டுந்தான் வேலை செய்யுதுன்னு சொன்னீங்க. ஏணில யாரு ஏறுவா?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன். முதல்லயே சொன்னா காசு கூடக் கேப்பியே."

பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. தைவானில், கீலுங்கிலும் தாய்பேயிலும் வீடு வீடாகப் போய், இணையம் வழியாகப் பாட்டுக் கேட்பவர்களுக்குக் கேபிள் போட்டுக் கொடுக்கிறேன். ரவுட்டரிலிருந்து வரும் இணைப்பை டிவிக்கு ஒன்று, பாட்டுக் கருவிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் ஸ்விட்ச். எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். பாட்டுப் பைத்தியங்கள் அதன் ஐம்பது மடங்கு கொடுத்தும் வாங்குவார்கள். பாட்டு எண்களாகத்தான் வருகிறது, எந்தப் பெட்டி வழியாக வந்தாலும் எண் மாறாது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் அதன் அடாப்டருக்கும் சொந்தமாக ஒரு மின் இரைச்சல் உண்டு, அது கேபிளைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் வரை போய்விடும். அது காதுக்குக் கேட்குமா கேட்காதா என்பதில்தான் எங்கள் உலகத்தில் ஓயாத சண்டை. நான் பாதி நம்புகிறவள். மீதிப் பாதிக்கு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வேன்.

தெங் பெரியப்பா உறவில்லை, வயதுக்காக நான் அப்படிக் கூப்பிடும் வாடிக்கையாளர். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். இருபத்தேழு வருஷம் காதில் ஹெட்போனோடு கடலில் திரிந்தவர். மனைவி இல்லை. இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடி. மழையில் நனைந்து, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தவள் ரஹாயு. ஜாவாவிலிருந்து வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண். முப்பது வயதிருக்கும். என் ஈர மழைக்கோட்டை வாங்கிக் குளியலறையில் தொங்கவிட்டாள்.

"தாத்தா காலைலேருந்து மூணு தடவை மணி பாத்துட்டாரு" என்று மெல்லச் சொன்னாள்.

"கேக்குது எனக்கு" என்றார் அவர் உள்ளேயிருந்து. "கால்தான் போச்சு, காது போகல."

அவர் சொன்ன குறை இது. பாட்டுக்கு நடுவே அமைதி வரும் இடங்களில் தூரத்தில் ஒரு கொசு பறப்பது போல மெல்லிய சத்தம். இரண்டு ஸ்பீக்கர்களிலும். ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்த்தாயிற்று, மின்கம்பியை மாற்றியாயிற்று. உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் கேட்டது. பெரும்பாலான வீடுகளில் எனக்குக் கேட்காது, தலையாட்டி வைப்பேன். இங்கே நிஜமாகவே கேட்டது.

ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்த அலமாரியின் அடித்தட்டில், ஆம்ப்ளிஃபயருக்கு நேர் கீழே, பழைய ஸ்விட்ச் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். எட்டு போர்ட், அதாவது கேபிள் சொருக எட்டு வாய். கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் வகை. உள்ளே சின்ன விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்கும் வீட்டில் வைக்கவே கூடாத பெட்டி, வைக்கவே கூடாத இடம்.

"இதை யாரு வெச்சது?"

"நான் விழுந்து ஆஸ்பத்திரில கிடந்தப்ப மக ஆளை விட்டு வீட்டையே மாத்திட்டா. குளியலறைல கைப்பிடி, வழுக்காத தரை, இந்தப் பெட்டி."

மகள் யா-ஷுவான். சின்ஜு நகரில் ஒரு சிப் ஆலையில் பொறியாளர். இந்த வேலைக்கான கூலியையும் அவள்தான் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

போர்ட் போர்ட்டாகக் குறித்துக்கொண்டு வந்தேன். முதலாவது ரவுட்டர். இரண்டு டிவி. மூன்று பாட்டுக் கருவி. நான்கு காலி. ஐந்தாவது கேபிள் ஹாலில் புகைப்படங்களுக்குப் பக்கத்தில் வெளிப்படையாக நிற்கும் கேமராவுக்குப் போனது. அப்பா விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்று மகள் வைத்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறாவதிலும் ஒரு கேபிள் இருந்தது.

"ஆறாவது எங்க போகுது பெரியப்பா?"

"தெரியாது" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சரி, ஒண்ணொண்ணா உருவறேன். கொசு நின்னதும் கையைத் தூக்குங்க."

டிவியை உருவினேன். சத்தம் இருந்தது. ஹால் கேமராவை உருவினேன், அப்போதும் இருந்தது. ஆறாவதை உருவியதும் நின்றது. அறையில் மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் கையை உயர்த்தவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்தக் கேபிளைத் தொடர்ந்து போனேன். கூரை ஓரத்துக் குழாய்க்குள் ஏறி, நடைவழியைத் தாண்டி, சமையலறைக்கு எதிரே இருந்த சாமான் அறைக்குள் இறங்கியது. அந்த அறையில்தான் ரஹாயு தூங்குகிறாள். ஜன்னல் கிடையாது. ஒரு ஒற்றைக் கட்டில், மடித்து வைத்த தொழுகை விரிப்பு, கயிற்றில் இரண்டு சட்டை. கட்டிலுக்கு மேலே கூரையில் வெள்ளையாக, வட்டமாகப் புகை எச்சரிக்கைக் கருவி. கேபிள் அதற்குள் போய் முடிந்தது.

புகைக் கருவிக்கு ஒரு பேட்டரி போதும், கேபிள் எதற்கு? நாற்காலியில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். மூடியின் ஓட்டைகளில் ஒன்றுக்குப் பின்னால் மிளகு அளவில் கண்ணாடி இருந்தது.

இறங்கி ஹாலுக்கு வருவதற்குள் பெரியப்பாவின் போன் அடித்தது. அவர் "ஆமாம்", "இருக்கா", "தரேன்" என்று மூன்று வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மிஸ் லியாவ், ரெண்டு கேமராவும் அடுத்தடுத்துப் போயிடுச்சு. என்ன பண்றீங்க?" யா-ஷுவானின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு இருந்தேன். ஆறாவது கேபிள்லேருந்து வருது."

"அப்படியா. அப்பாவோட பாட்டுக்கு வேற வழி பண்ணிக் கொடுங்க. அந்தக் கேபிள் மட்டும் இருக்கணும்."

"அது அந்தப் பொண்ணு தூங்கற அறை. அவளுக்குத் தெரியுமா?"

"வீட்டுல கேமரா இருக்கும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு."

"அந்த அறைல இருக்கும்னு எழுதியிருக்கா?"

"மிஸ் லியாவ், இதுக்கு முன்னாடி இருந்தவ காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டா. அப்பா குளியலறைல நாலு மணி நேரம் கிடந்தாரு. நாலு மணி நேரம். நான் போய்த்தான் தூக்கினேன், உடம்பெல்லாம் சில்லுன்னு இருந்தது. நான் ஒண்ணும் அவ துணி மாத்தறதைப் பாக்கல. அப்பா கூப்பிட்டா எழுந்திருக்காளான்னு பாக்கறேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

அவள் குரல் உண்மையாகவே நடுங்கியது.

"நீங்க பாட்டு வேலைக்கு வந்திருக்கீங்க. அதை மட்டும் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"திரும்பச் சொருகிடும்மா."

"பெரியப்பா, அது என்னன்னு உங்களுக்கு..."

"சொருகிடு. போன மாசம் மக ஒரு முதியோர் இல்லத்தோட படமெல்லாம் கொண்டுவந்து காட்டினா. ஒரு அறைக்கு ஆறு பேர். அங்க ஸ்பீக்கர் வைக்க முடியாது. இந்த வீட்டுல நான் இருக்கறது அவ இஷ்டம்."

நான் சொருகினேன். ஆறாவது விளக்கு மறுபடி மின்ன ஆரம்பித்தது. இதை எப்படிச் சொன்னாலும் செய்தது நான்தான், என் கையால்தான்.

தொழில் கணக்கில் பிரச்சினை சுலபமானது. பழைய ஸ்விட்ச் டிவிக்கும் கேமராக்களுக்கும் இருக்கட்டும். பாட்டுக்குத் தனி ஸ்விட்ச். இரண்டுக்கும் நடுவே சாதாரணச் செம்புக் கேபிளுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டால், ஒளி தாண்டும், மின் இரைச்சல் தாண்டாது. அவர் வாங்கி வைத்திருந்த இரண்டில் விசிறி இல்லாததை, தனி மின் பெட்டியோடு வருவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்றதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். இழைக் கேபிள் கீழே ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

அதை எடுக்கக் கீழே இறங்கிய நேரம் குப்பை வண்டியின் பாட்டு தெருமுனையில் கேட்டது. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். குடைகளும் பிளாஸ்டிக் பைகளுமாகத் தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பாதிப் பேர் ரஹாயுவைப் போல வீட்டுவேலைக்கு வந்த பெண்கள், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஹாயு தன் பையை வண்டியில் வீசிவிட்டுத் திரும்பும்போது என் குடைக்குள் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகச் சொன்னேன்.

"உன் அறைல மேலே இருக்கறது புகைக் கருவி இல்ல."

"தெரியும் அக்கா."

"எப்பலேருந்து?"

"நான் வந்த ரெண்டாம் மாசம். ஒட்டடை அடிக்க ஏறினேன். புகைக்கு எதுக்குக் கண்ணுன்னு நெனச்சேன்." அவள் சிரித்தாள், பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தால் ஏதோ வேடிக்கை பேசுகிறோம் என்று நினைப்பார்கள். "துணி குளியலறைல மாத்துவேன். தூங்கறப்ப போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்குவேன். தொழறப்பதான் கஷ்டமா இருக்கு. யாரோ முதுகுல நிக்கற மாதிரி."

"பெரியப்பாவுக்குத் தெரியாம நான் அதைக் கெடுத்துடறேன். தானாவே கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"வேணாம் அக்கா. இன்னொண்ணு வைப்பாங்க. எனக்குத் தெரியாத இடத்துல வைப்பாங்க. இது எங்க இருக்குன்னாவது தெரியும். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாசம்." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு கேக்கவா? இப்ப பாக்கறாங்க, இப்ப பாக்கலன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

வழி இருந்தது. படிகளில் ஏறும்போதே அது எனக்குத் தோன்றிவிட்டது, நான்காவது மாடி வருவதற்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பழைய ஸ்விட்ச்சை ஹாலிலிருந்து எடுத்து, நடைவழியில் செருப்பு அலமாரிக்கு மேலே பலகை அடித்து வைத்தேன். சாமான் அறைக் கதவுக்கு நேர் எதிரே. பெட்டியின் முகத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பச்சை விளக்கு உண்டு. பாட்டுக்காரர்கள் வழக்கமாக அந்த விளக்குகள் சுவரைப் பார்க்கும்படி வைக்கச் சொல்வார்கள், சிலர் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். நான் அவை கதவைப் பார்க்கும்படி வைத்தேன். பெரியப்பாவின் போனை வாங்கி ஹால் கேமராவைத் திறந்து காட்டினேன். போனில் படம் ஓடும்வரை ஐந்தாவது விளக்கு விடாமல் துடித்தது. போனை மூடியதும் நிதானமாக, எப்போதாவது ஒரு முறை மின்னியது.

"ஆறாவதும் இப்படித்தான்" என்று ரஹாயுவிடம் மெல்லச் சொன்னேன். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு தலையசைத்தாள்.

பெரியப்பா கைத்தடியோடு நடைவழி வரை வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"அதை ஏன் இங்க கொண்டாந்த?"

"ஆம்ப்ளிஃபயர்லேருந்து தூரமா இருக்கட்டும் பெரியப்பா."

"விளக்கு வெளியப் பாக்குதே."

"காத்தோட்டம் வேணும்."

"ம்" என்றார்.

அன்று கொசு போய்விட்டது. செல்லோ வாசிப்பு ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வில் நரம்பிலிருந்து எடுபடும் இடத்தில் முழு அமைதி இருந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதை நான் கவனித்தேன், களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். மழையில் வீடு திரும்பும்போது, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் ஏதோ செய்துவிட்ட திருப்தி எனக்கு.

ஐந்து வாரம் கழித்து ரஹாயு கூப்பிட்டாள். அவளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், அவள் ஊர்க்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்திருந்த சோறு ஆறிப்போயிருந்தது. இளைத்திருந்தாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு பட்டியலை எடுத்து வைத்தாள். தேதி, நேரம், எத்தனை நிமிஷம்.

"பகல்ல ஆறாவது விளக்கு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் விடாம அடிக்கும். அதை நான் எழுதல. அது தாத்தாவுக்காகன்னு எனக்குப் புரியுது. இது வேற."

"என்ன வேற?"

"தாத்தாவைப் படுக்க வெச்சுட்டு எட்டரைக்கு நான் குளிக்கப் போவேன். அப்ப அஞ்சாவது அடிக்க ஆரம்பிக்கும். நான் குளிச்சுட்டு ஹாலைத் தாண்டி வருவேன். வந்ததும் அஞ்சு நின்னுடும், ஆறு அடிக்கும். நான் அறைக்குள்ள இருக்கற வரைக்கும் அடிக்கும். இருபது நிமிஷம், நாப்பது நிமிஷம்." அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். "எல்லா நாளும் இல்ல. ரெண்டு நாள் வரும், ரெண்டு நாள் வராது. வர்ற நாள்ல நான் சமையலறைல நின்னுடறேன். பாத்திரம் கழுவற மாதிரி. விளக்கு நிக்கட்டும்னு காத்திருப்பேன். ஒரு நாள் ஒரு மணி நேரம் நின்னேன், கால் வலிச்சுது. அப்புறம் உள்ள போய்ப் படுத்துட்டேன். போனதும் ஆறு அடிச்சுது."

எண்ணிப் பார்த்தேன். பட்டியலில் பதினெட்டு நாட்கள் இருந்தன. அந்தப் பதினெட்டு நாளும் என் வீட்டில் நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

"நான் மேடம்கிட்ட சொன்னா பொய் சொல்றேன்னு சொல்வாங்க" என்றாள். "நீங்க சொல்றீங்களா?"

யா-ஷுவானை இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் வேலை முடித்து வெளியே வரும் நேரத்தில், ஆலைக்குப் பக்கத்திலிருந்த சோயாப்பால் கடையில் பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்தது கோபக்காரியை. வந்தவள் கண்ணுக்குக் கீழே கருவளையமும், முகத்தில் மாஸ்க் பதிந்த தடமுமாக இருந்தாள். அப்பாவின் பாட்டு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள்.

தாளை அவள் முன்னால் வைத்து, விளக்கை எப்படிப் படிப்பது என்பதைச் சொன்னேன். நான் திட்டமிட்டே அந்த இடத்தில் ஸ்விட்ச்சை வைத்ததையும் மறைக்கவில்லை.

"ஆக, எங்க வீட்டுக்குள்ள வந்து என்னையே வேவு பாத்திருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"சரி, பாத்தேன். அதுக்கென்ன? எத்தனை நிமிஷம் பாக்கணும்னு அவ சொல்லணுமா?" சொல்லிக்கொண்டே தாளைப் பார்த்தாள். ஒரு தேதியில் விரலை வைத்தாள். பிறகு அடுத்ததில். பிறகு போனை எடுத்துத் தன் வேலை அட்டவணையைத் திறந்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். அவள் ஆலையில் இரண்டு நாள் இரவு வேலை, இரண்டு நாள் ஓய்வு.

"இது எல்லாமே என் நைட் ஷிஃப்ட்" என்றாள்.

"வேலை நேரத்துல பாக்க முடியாதா?"

"ஏழு மணிக்கு உள்ள போறப்பவே போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டிடணும். கேமரா இருக்கற போனை உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. காலைலதான் திரும்பக் கைக்கு வரும்." அவள் யாரிடமோ விளக்கம் சொல்வது போலச் சொன்னாள்.

நான் கேட்கத் தயங்கினேன், ஆனால் கேட்டேன். "வேற யாருகிட்ட பாஸ்வேர்ட் இருக்கு?"

அவள் கரண்டியால் சோயாப்பாலைக் கலக்கிக்கொண்டேயிருந்தாள். கடைக்காரப் பெண் வந்து பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டுப் போகும்வரை கலக்கினாள்.

"கேமரா வைக்கற ஆளை ஏற்பாடு பண்ணினதும், பாஸ்வேர்ட் போட்டதும் என் வீட்டுக்காரர்தான்" என்றாள் கடைசியில். "அந்த அறைலயும் ஒண்ணு வெச்சா உனக்கு நிம்மதியா இருக்கும்னு அவர்தான் சொன்னாரு. நான் அழுதுக்கிட்டு இருந்தேன் அப்போ. எவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன்."

பிறகு என் கையைப் பிடித்தாள். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. இன்னிக்கே நான் எடுத்துடறேன்."

"எடுங்க. சொல்லணுமா வேணாமான்னு ரஹாயுதான் முடிவு பண்ணணும்."

யா-ஷுவான் அன்றைக்குத் தூங்காமலே ரயில் ஏறிக் கீலுங்குக்குப் போயிருக்கிறாள். நடந்ததை ரஹாயு பிறகு எனக்குச் சொன்னாள். வந்தவள் அப்பாவிடம்கூடப் பேசவில்லை. நேரே அறைக்குப் போய், நாற்காலியில் ஏறி, அந்த வட்டப் பெட்டியைத் திருகிக் கழற்றத் தெரியாமல் இழுத்துப் பிய்த்தாள். கூரைச் சுண்ணாம்பு கட்டில் மேல் கொட்டியது. அந்தச் சுண்ணாம்புக்கு நடுவிலேயே உட்கார்ந்தாள்.

"நான் வெச்சது தாத்தாவுக்காக மட்டுந்தான். நம்பறியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நம்பறேன் மேடம்."

"அப்ப இரு. இனிமே இங்க எதுவும் இருக்காது. அப்பா உன்கிட்ட மட்டுந்தான் ஒழுங்கா சாப்பிடறாரு."

"தாத்தா பாவம். ஆனா இந்த அறைல என்னால தூங்க முடியாது மேடம்."

மறுநாள் ரஹாயு தொழிலாளர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அவளை ஒரு காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள், போலீஸார் வந்து ஸ்விட்ச்சையும் கேமராக்களையும் எடுத்துப் போனார்கள். என்னையும் விசாரித்தார்கள். நீங்கள் கண்டுபிடித்த நாளிலேயே ஏன் தகவல் சொல்லவில்லை என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். ரஹாயுதான் வேண்டாம் என்றாள் என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார், தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மருமகன், மாமனாரின் உடல்நிலையைக் கவனிக்கத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். வழக்கு இன்னும் நடக்கிறது. யா-ஷுவான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்ஜுவுக்குத் திரும்பிப் போவாளா என்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போலீஸ் எடுத்துப்போன பெட்டிக்குப் பதில் வேறொன்று வைக்க நான் போக வேண்டியிருந்தது. சாதாரண ஐந்து போர்ட் பெட்டி, கேபிளில் மின்சாரம் அனுப்பாத வகை. யா-ஷுவான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பெரியப்பா பாட்டுப் போடவில்லை.

"போலீஸ்ல உண்மையைச் சொல்லிட்டேன்" என்றார்.

"எதை?"

"ஆறாவது எங்க போகுதுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்னு. காலம் பூரா ரேடியோ அறைல உக்காந்தவனுக்கு ஒரு கேபிள் எங்க போகுதுன்னு தெரியாதா? மருமகனுக்கு நான்னா ஆகாது, அவனா அக்கறையா கேமரா வைக்கறான்? எனக்கு அப்பவே சந்தேகம். மககிட்ட கேக்க பயம்." அவர் வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொசு பறக்குது, கொசு பறக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா யாராவது ஒருத்தர் வந்து அதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். ரெண்டு ஸ்விட்ச்சை வாங்கிப் போட்டேன். நீ வந்த. பிடுங்கவும் பிடுங்கின. அப்புறம் நானே திரும்பச் சொருகச் சொன்னேன்."

"நானும் சொருகினேனே பெரியப்பா."

"ஆமா. நீயும் சொருகின" என்றார்.

அவர் அதை மறுத்துச் சொல்வார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. சொல்லவில்லை. நான் வேலையை முடித்து, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ரஹாயு இப்போது யிலானில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்கிறாள். போன முதல் நாளே நாற்காலி போட்டு ஏறிக் கூரை முழுக்கப் பார்த்தாளாம், அந்த வீட்டுப் பாட்டி கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாளாம். மேலேயிருந்தே அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று கிடந்தது. அன்றைக்கே நான் அதை உடைத்திருக்க வேண்டும், அந்த ஐந்து வாரத்துக்கு என் மேல் கோபமா என்று எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"கோபம் இல்ல அக்கா. வேணாம்னு நான்தான் சொன்னேன். ஆனா அதுக்கு முன்னாடி, இப்ப யாரும் பாக்கல போலன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கிடுவேன். விளக்கு வந்த பிறகு அப்படி நெனச்சுக்க முடியல. அடிக்குதுன்னு தெரிஞ்சும் உள்ள போய்த்தான் படுக்க வேண்டியிருந்தது."